வாசல் சுவரில் போட்ட கட்டம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சேலைப் பேச்சு என்றால் காதை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறவன் நான், அன்று முடியவில்லை. சன்னலோரம் இருந்த பெரியவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தாயி, நீ கட்டியிருக்கிறது எங்க வீட்டுச் செவரு."

இளையவள் தன் முந்தானையைக் குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு அரக்குக் கட்டம், நடுவே பளிச்சென்று மஞ்சள்.

"என்னக்கா சொல்றீக?"

"எங்க வீட்டுக்காரரு தறி நெய்யிறவரு. இந்தக் கட்டத்த யோசிச்சதே அவருதான். இம்புட்டுப் பெருசாப் போட்டா கண்ணுக்கு எப்பிடி இருக்கும்னு பாக்கணும்னு, நெய்யிறதுக்கு முந்தியே பெயிண்டு வாங்கி வாசச் செவத்துல அடிச்சாரு."

"நல்லாத்தான இருந்திருக்கும்."

"நல்லாத்தான் இருந்துச்சு. எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்பு. அங்க நிக்கிறவுகள்ல பாதிப் பேரு தறிக்காரவுக. நாங்க நெய்ஞ்சு கடைக்குக் கொண்டு போனா, இது ஏற்கனவே வந்துருச்சேன்னு திருப்பி விட்டுட்டாக."

"அந்தச் சேலையெல்லாம்?"

"பொட்டியில கெடக்கு. கட்டிக்கிட்டு வந்தா, நீ கட்டியிருக்கிறதப் பாத்து நெய்ஞ்சதும்பாக."

"செவரக் காட்டிச் சொல்லலாம்லக்கா?"

பஸ் மெதுவானது. பெரியவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொன்னோம் தாயி. கடையில வந்த சேலையப் பாத்துத்தான் செவத்துல அடிச்சிருக்காருன்னு பேசிக்கிறாக."