கோழியிறகுத் தூண்டில்

முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர், "அண்டைக்கு நான் குளத்துக்குக் கல்லெறிஞ்சனான்" என்றார்.

"ஏன் அண்ணை?" என்றார் பக்கத்திலிருந்த இளையவர்.

"எங்கட ராசன் நுவரெலியாவிலை வேலை செய்யேக்கை, வெள்ளைக்காரர் ட்ரௌட் மீன் பிடிக்கிறதைப் பாத்துப் பழகினவன். கோழியிறகைப் பூச்சி மாதிரி தூண்டிலிலை கட்டிப் போடுவான். தண்ணி அசையாமல் கிடந்தால் விரால் எங்கட நிழலைக் கண்டாலே வெருண்டு ஓடும். அவனுக்கு மட்டும் வந்து கடிக்கும். பிறந்ததிலையிருந்து அந்தக் குளத்தடியிலை இருக்கிறவன் நான். வயித்தெரிச்சலிலை, அவன்ரை மீனும் கலையட்டும் எண்டு பத்தைக்குள்ளை நிண்டு எறிஞ்சிட்டன்."

"அவன் கண்டவனோ?"

"கண்டவன். ஏசேல்லை. 'வாங்கோ அண்ணை, நீங்கள் போட்டுப் பாருங்கோ' எண்டு தூண்டிலைத் தந்தான். தண்ணி அடங்குமட்டும் ரெண்டு பேரும் குந்தியிருந்தம். பிறகு போட்டன். கை நீளத்துக்கு ஒரு விரால்!"

"பிறகென்ன, சந்தோசம்தானே?"



"வீட்டை கொண்டு போனன். மனுசி மீனைப் பாத்திட்டு, 'ராசன் தந்தவனோ?' எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டிட்டன்."