சிப்பு தேய்ந்ததும் தேவநாதன் அண்ணன் கட்டிய பிராதும்

கல்யாணத்துக்கு முதல் நாளே போய்விட வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதுவும் ஸ்ரீமுஷ்ணத்தில் மைத்துனன் கல்யாணம். தாமதமாகப் போனால் என் மனைவி ஆதிலட்சுமி ஆறு மாதம் சொல்லிக் காட்டுவாள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது புரியும்.

விருத்தாசலத்தில் கழிவறைக் கோப்பை சுடும் பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளையின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு நிரல் எழுதுவது என் வேலை. எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்கிற பட்டியல் பெட்டியிலுள்ள பிளாஷ் மெமரி சிப்பில் இருக்கும். நொடிக்கு நொடி சூட்டையும் அதிலேயே எழுதும். பெட்டிக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிறது கர்னல் என்கிற மென்பொருள். அதனிடம் இந்தச் சிப்பை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது என்பதுதான் கேள்வி. எம்டிடி என்கிற முறையில் போனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: அழித்து அழித்து எழுதினால் இது தேயும், தேய்ந்த இடத்தை ஒதுக்கு என்று. மூன்று வார வேலை. பிளாக் டிவைஸ் என்று சொல்லிவிட்டால் தேயாத ஹார்ட் டிஸ்க் என்று கர்னல் நம்பிக்கொள்ளும். இரண்டு நாள் போதும். கல்யாணமோ அந்த வாரம்.

"அண்ணா, ஒரே எடத்துல எழுதி எழுதி தேஞ்சிடும்ணா. எம்டிடிதான் சரி," என்றாள் கூட வேலை பார்த்த வெண்பா. அதை அவளே எழுதவும் ஆரம்பித்தாள். நல்ல பெண். நானும் கணக்குப் போட்டேன். பதினாலு மாதம் தாங்கும் என்று வந்தது. கல்யாணமாகி ஒரு பிள்ளையே பிறந்துவிடுகிற காலம். பிளாக் டிவைஸ் என்றே போட்டுவிட்டுப் போய் முதல் பந்தியில் சாப்பிட்டேன்.

மைத்துனனுக்குப் பிள்ளையும் பிறந்தது. பதினைந்தாம் மாதம் பட்டியல் அழிந்து, சூளை தன் போக்கில் எரிந்தது. முந்நூறு கோப்பைகள் வெல்லம்போல் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"மெஷினு தானா எதையும் மாத்தாதுங்க," என்றேன் முதலாளியிடம். அது உண்மை. அது மாற்றவில்லை, மறந்துதான் போயிருந்தது. சூளையைப் பார்த்துக்கொள்ளும் தேவநாதன் அண்ணன் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. முதலாளிதான் திரும்பினார்.

இருபத்திரண்டு வருஷம் சூளை பார்த்தவரை உடைசல் அள்ளப் போட்டார்கள். வெண்பா அதற்குள் பெங்களூருக்கு வேலை மாறியிருந்தாள். அவள் விட்டுப்போன எம்டிடி நிரலைப் பெட்டியில் ஏற்றினேன். முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தேவநாதன் அண்ணன் என்னிடம்தான் வந்தார். "தம்பி, நான் ஒரு பட்டனக்கூடத் தொடலப்பா. கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டப்போறேன். நீ எழுதிக் குடு."

அந்தக் கோயிலில் குறையை மனுவாக எழுதிக் கட்டினால், மூன்று மாதத்துக்குள் சாமி குற்றவாளியைத் தண்டிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். சூளையைக் கெடுத்தவனுக்குக் கை கால் விளங்கக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்து விடாமல் எழுதினேன்.

"யார் மேலன்னு பேரு எழுதணும்ணா."

"சாமிக்குத் தெரியும்பா."

அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பயம் இருந்தது, மறைக்கவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டினேன். படியில் கைப்பிடியைப் பிடித்தே இறங்கினேன்.

பிராது கட்டிய எண்பதாவது நாள், அந்த ஒட்டிப்போன கோப்பைக் குவியலை அள்ளும்போது வழுக்கி விழுந்து தேவநாதன் அண்ணனுக்குக் கால் முறிந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிளாக் டிவைஸ் என்று எழுதியது நான். அவர் மாட்டிக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். அதனால் தப்பு என்னுடையது என்றே இத்தனை நாள் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தேன். ஆனால் சாமி விசாரித்துத் தீர்ப்பே சொல்லிவிட்டது. தேவநாதன் அண்ணன் இப்படிச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.