எஞ்சின் நல்ல எஞ்சின்தான்

பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சார். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சினின் சீக்கெல்லாம் ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால்தான் தெரியும்.

திருப்பத்தூரில் நான் டீசல் மெக்கானிக். பலரும் என்னை அழைத்துப் போய்க் காட்டித்தான் வண்டி வாங்குவார்கள். பூவரசனும் அப்படித்தான் வந்தான். அவன் என் தங்கை ரஞ்சிதத்தின் புருஷன். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்காரன். மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கேட்காமல் செய்துகொண்ட கல்யாணம். நான் சண்டை எதுவும் போடவில்லை. வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டேன்.

அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளங்கை முழுக்க வைத்துப் பிசைவான். குழம்பு மணிக்கட்டு வரை வழியும், அதை நக்குவான். அதே கையால் ஓர் உருண்டை பிடித்து ரஞ்சிதத்தின் வாயில் வைப்பான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். நான் என் இலையைப் பாதியிலேயே மூடிவிடுவேன். எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

அவனுடைய பழைய ஜீப் இனிமேல் தேறாது என்றானதும், வாணியம்பாடியில் உஸ்மான் பாய் விற்கவிருந்த ஜீப்பைப் பார்க்க அழைத்துப் போனேன். எஞ்சின் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதுமே பிடித்துக்கொண்டது. ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டேன். புகை எழவில்லை. பூவரசன் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தால் ருசியிலேயே தெரிந்துவிடும் என்றான். எச்சிலும் ஆயிலுமாக இருந்த அந்தக் கையை என் தோள்மேல் போட்டான்.

"இன்னா மச்சான், எடுத்துக்கலாமா?"

"எஞ்சின் சூப்பரா இருக்குது மாப்ள. தாராளமா எடு."

அது சத்தியமான பேச்சு. அதோடு விட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவன் இன்னொன்றும் கேட்டான்.

மலையிலிருந்து இறங்கும்போது அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வருவான். டீசல் மிச்சமாம். அவனுடைய பழைய ஜீப்பில் பிரேக் பிடிப்பது முழுக்கக் கால் பலத்தில். எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் ஒன்றுதான். இந்த ஜீப் வேறு மாதிரி. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி கிடைக்கும். அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். ஆள் ஏற்றிய வண்டி அந்த இறக்கத்தில் நிற்காது. அவனுக்கு இது தெரியாது.

"இதையும் ஆஃப் பண்ணி எறக்கலாமா மச்சான்?"

கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"ஜம்முனு எறக்கலாம்," என்றேன்.

கோபத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். ரஞ்சிதம் பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள், அவள் வண்டியில் இருக்க மாட்டாள். சந்தைக்குப் புளி கொண்டுவருகிறவர்கள் இருப்பார்கள். அதையும் யோசித்தேன். அவர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அவனோடு நாலு பேர் போய்விட்டார்கள். வருத்தம்தான்.

சேதி வந்த அன்று ரஞ்சிதம் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின்ல எதுனா கோளாறாண்ணா?"

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லம்மா."

தங்கையிடம் நான் பொய் சொன்னதில்லை.

அடுத்த வாரம் ஆண் குழந்தை பிறந்தது. அப்பனுடைய அதே அகலமான கை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நீதான் எல்லாம் என்று சொல்லி என்னிடம் நீட்டினாள்.

பூவரசனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சாதி பார்த்துச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். சாதி பார்க்கிறவன் அந்தக் குழந்தையைத் தூக்கியே இருக்க மாட்டான். நான் தூக்கினேன். அதற்குப் பிறகுதான் குளித்தேன்.