டோரீனின் அறையில் வைத்த டின்கள்

பெயின்ட்டுக்கு முன் வண்டித் தகரத்தில் அடிக்கும் பிரைமரைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லி டின்னிலேயே எழுதியிருக்கும், சேர். எழுதியவர் நோட்டன் பிரிட்ஜுக்கு வந்திருக்க மாட்டார். உங்கள் பொலிஸ் நிலையத்தைவிட என் கராஜ் குளிர். மழைக்காலத்தில் பிரைமர் அடியில் களியாகத் தங்கிவிடும். ஈரத் தகரத்தில் அடித்தால் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். அதனால்தான் டின்களை டோரீனின் அறைக்கு மாற்றினேன்.

டோரீன் என் மனைவி. நெஞ்சில் இழுப்பு. கராஜுக்குப் பின்னால் பலகை அடித்துப் பிரித்த அறையில்தான் படுத்திருந்தாள். ஹீட்டர் இருந்தது அங்கே மட்டும். பெயின்ட் வாடையே அவளுக்கு ஆகாது என்று கிளினிக் டாக்டர் சொன்னது உண்மை. சிங்களத்தில் சொன்னார்; எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பாள். பனி உள்ளே வந்தால் அவளுக்கும் நல்லதில்லை, பிரைமருக்கும் நல்லதில்லை. எழுந்து எழுந்து அவளே திறக்கத் தொடங்கியதால் ஆணி அடித்துவிட்டேன்.

போன மாதம் அவள் தம்பி ரொஷான் இறம்பொடையிலிருந்து வந்தான். அக்காவைக் கொஞ்ச நாள் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கையிலிருக்கும் வேன் வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போ என்று அனுப்பிவைத்தேன். அவன் போனதும் டோரீன் எழுந்து உட்கார்ந்து உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"போனா திரும்பி வருவியா?" என்று கேட்டேன்.

மடித்த சேலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "மூச்சு விடணுங்க," என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை, சேர்.

சனிக்கிழமை காலையில் பிரைமரையும் அதைக் கரைக்கும் தின்னரையும் அவள் கட்டிலருகே வைத்தே கலக்கினேன். மற்ற டின்களின் மூடிகளையும் கழற்றி வைத்தேன். ஹீட்டரைக் கூட்டிவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவு திறந்து மூடினால் ஈரப் பூச்சில் தூசி ஒட்டும்.

வேனில் ஒரு பக்கம் முடியும்போது தட்டினாள். ஸ்ப்ரே சத்தத்தில் கேட்கவில்லை என்று ரொஷானிடம் சொன்னேன். அது பொய். ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டுக் கதவருகே போய் நின்றுதான் கேட்டேன்.

"நான் எங்கயும் போகலங்க," என்றாள். "தெறந்து விடுங்க."

குரல் மிகவும் இளைத்திருந்தது. திரும்பி வந்து வேனின் மறுபக்கத்தை அடித்தேன். தட்டுவது நின்ற பிறகும், பூச்சு காயும்வரை கதவைத் திறக்கவில்லை.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னை விட்டுப் போகப் போவதில்லை என்று கடைசியில் அவள் தன் வாயாலேயே சொன்னாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சேர்.