போபோடி விலாசங்கள்

எனக்குக் கமாவின் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது, சார். கடிதம் எழுதும்போது தாராளமாகவே போடுவேன்.

1987. கசார்வாடி ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். அதாவது, தெரியும் என்று மற்றவர்கள் நம்பிய ஒரே ஆள். ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே முகாம் போட்டார்கள். நானூறு தொழிலாளிகளின் பட்டியலை மெஷினிலிருந்து எடுத்து ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டும். பெயர், கமா, பிரிவு, கமா, விலாசம். அவ்வளவுதான்.

வானவடி குவார்ட்டர்ஸ்காரர்கள் நாகரிகமானவர்கள். பி-7 என்றதும் விலாசம் முடிந்துவிடும். போபோடிச் சந்துகளில் குடியிருப்பவர்களுக்கு வீட்டைவிட விலாசம் பெரிது. 'சவரிமுத்து டீக்கடைக்குப் பின்னால், இரண்டாம் சந்து, ஜோசபின் வீட்டு மாடி' என்று எழுதிக் கொடுத்திருந்தார் சுப்பையா. மெஷின் ஒவ்வொரு கமாவிலும் புதுக் கட்டம் தொடங்க, வரி கோணிக்கொண்டது. விலாசத்தை மேற்கோள்குறிக்குள் அடைத்தால் சரியாகியிருக்கும். அரைநாள் வேலை. எனக்கு அன்று மாட்னி ஷோவுக்கு டிக்கெட் இருந்தது. கமா அதிகமுள்ள வரிகளை விட்டுவிடு என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன்.

அறுபத்தோரு பேர் போனார்கள். பட்டியலில் ஒரு பிழை கிடையாது. மேனேஜர் தேவநேசன் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

சுப்பையா வந்து நின்றார். "தம்பி, முகாம்ல கேட்டா லிஸ்ட்ல நம்ம பேரு நஹின்னுட்டான்."

"மெஷின் தப்புப் பண்ணாது, அண்ணாச்சி."

"மெஷினா இருமுது? நானுல்லா இருமுதேன்."

பேனாவால் சேர்த்திருக்கலாம். ஒருவரைச் சேர்த்தால் மீதி அறுபது பேர் எங்கே என்று கேள்வி வரும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன்.

முகாமில் நெஞ்சு கெட்டிருந்தவர்களைத் தூசியில்லாத பிரிவுக்கு மாற்றினார்கள். சுப்பையா தூசியிலேயே இருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மில்ட்ரெட் போன் செய்தாள். "நானூறு பேருன்னீங்க, முந்நூத்து முப்பத்தொன்பதுதான இருக்கு?" நியாயமான கேள்வி. இரண்டு இடமும் ஒத்துப்போக வேண்டாமா? மெஷினின் மூலப் பதிவிலிருந்தும் அறுபத்தோரு பேரையும் அழித்தேன். ஒத்துப்போனது. சம்பளம் இன்னும் பழைய பேரேட்டில் ஓடியதால் யாருக்கும் உறைக்கவில்லை.

மறு மழைக்காலத்தில் சுப்பையா இறந்தார். கணவர் இருபத்திரண்டு வருஷம் இங்கே உழைத்ததற்குச் சான்றிதழ் கேட்டு அவர் மனைவி பவுன் வந்தாள். அவள் கண்ணெதிரிலேயே, பொறுமையாக, இரண்டு தடவை தேடினேன். அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவே இல்லையே அம்மா என்றேன்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, சார்.