பிஸ்தாவின் குட்டிகள்

பூனைகளை எனக்குப் பிடிக்கும், சாய்கிருஷ்ணா. நாங்கள் குடியிருக்கும் கோந்த்வாவில் டேங்கர் தண்ணீர் வரும் நாட்களிலும் அவற்றுக்கு வடிகட்டிய தண்ணீர்தான் வைத்தேன். உன் அக்கா லலிதா கோயம்புத்தூர் வந்து என்ன சொன்னாளோ, தெரியாது. நீ கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு ஒரு பிடிப்பு இருக்கட்டும் என்று பிஸ்தாவை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மெய்ன் கூன் ஜாதிப் பூனை, வம்சச் சான்றிதழோடு. இந்த ஜூனில் அது நாலு குட்டி போட்டது. இரண்டுக்கு முன்னங்கால்களில் ஒரு விரல் அதிகம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். தாய்வழி வந்தது என்று முடிவு வந்தது. பிஸ்தாவின் அதிகப்படி விரல் ரோமத்துக்குள் மறைந்திருந்திருக்கிறது. இதனால் வலியோ நோயோ கிடையாது என்றார் டாக்டர். பிஸ்தாவுக்கு இனி குட்டி வேண்டாம், அந்த இரண்டையும் நாமே வளர்க்கலாம் என்றாள் லலிதா. சரி என்றேன்.

மறுநாள் காலை அவள் தோழியை வழியனுப்ப லோஹேகாவ் விமான நிலையத்துக்குப் போனாள். நான் குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர். அந்த இரண்டு குட்டிகளுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிஸ்தா வெளியே கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பிறகு அதையும் உள்ளே தூக்கி வந்தேன்; அதற்குச் சற்று அதிக நேரமானது. மற்ற இரண்டு குட்டிகளையும் சாகண் ஊரிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனார். குறை என்று ஒன்று இருந்தால் அது அங்கேயே நிற்க வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அதை அனுப்புவதுதான் கொடுமை.

லலிதா வந்ததும் மறைக்காமல் சொன்னேன். அவள் சோபாவில் உட்கார்ந்து இடது பாதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தைப் பருவத்தில் ஆறாவது விரலை எடுத்த தழும்பு அங்கே உண்டு. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நமக்கு ரெண்டு தடவை கலைஞ்சுதுங்களே," என்றாள். "அது தானா கலைஞ்சுதுங்களா?"

இருபத்தோரு வருடத்தில் அவள் அதைக் கேட்டது அன்றுதான். கேட்டபின் பொய் சொல்வது என் வழக்கமில்லை. இரண்டு தடவையும் பாலில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தது நான்தான் என்றேன். கர்ப்பப்பை பலவீனம் என்று அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியபோதெல்லாம் கூடவே போய் வரிசையில் நின்றதும் நான்தான். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, மாப்பிள்ளை. கோபம் ஆறியதும் அனுப்பி வை. அவள் கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள் என்று வீட்டில் இப்போது யாரும் இல்லை. அவள் நிம்மதியாக இருக்கலாம்.