மகளின் மூளைப் படம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், மில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சத்தமாகவே சொன்னாள்.

"எம் மக மூளைய மதுரையில படம் புடிச்சிருக்காக, மாரி."

"என்ன நோவு மதினி?"

"இப்ப நல்லாருக்கா. போன வருசம் சாகத் துணிஞ்சாள்ல? அந்த நெனப்பு வாரவுகளுக்கு மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு டாக்டர்மாரு ஆராய்ச்சி பண்ணுதாக. இவளாப் போயிப் பேரு குடுத்தா."

"படத்துலயே தெரிஞ்சிருமா?"

"இன்னும் இல்லயாம், நாளாகுமாம். நெறயப் பேரு வந்தாத்தான் பின்னால வாரவுகள முன்னக்கூட்டியே காப்பாத்த வழி தெரியுமாம். அந்த ஸ்கேன் மெசினு போடுற சத்தத்துல அசையாமக் கெடந்தா எம் மக."

"மெல்லப் பேசுங்க மதினி. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சின்னு..."

"எதுக்கு மெல்லப் பேசணும்? உசுரோட இருக்கா. இன்னொரு உசுருக்காகப் போயிட்டு வந்திருக்கா."

பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டியது. மாரி மெதுவாகச் சொன்னாள்.

"எந்தம்பி கொஞ்ச நாளா யாருகூடயும் பேச மாட்டேங்கான். செத்தாத் தேவலங்கான். உங்க மகட்ட கூட்டிட்டு வரட்டா?"

"இப்பமே போனப் போட்டு எங்க வீட்டுக்கு வரச் சொல்லு. டாக்டர்ட்ட அவளே கூட்டிட்டுப் போவா."

மாரி போனை எடுத்தாள்.